போட்டுவிட்டு மறக்கக்கூடிய துவக்கு

மதுவிடம் நீயே சொல்.

மேலே இருக்கும் வரியைப் பெரிய எழுத்தில், சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதியிருக்கிறேன். அதை உன்னால் வாசிக்க முடியும். அதற்குக் கீழே இருப்பதை வாசிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். உன் தமிழ் எந்த இடத்தில் நின்றுபோனது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அதை நிறுத்தியவளே நான்தான். உனக்குப் பத்து வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் எடுக்கும் செலக்டிவ் ஸ்கூல் பரீட்சைக்கான கோச்சிங் வகுப்பும் ஒரே நேரத்தில் வந்தன. உன் அப்பா இரண்டு நாள் யோசித்தார். நான் இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கணக்கு போதும், தமிழை வீட்டில் நான் படிப்பிப்பேன் என்று சொன்னேன். படிப்பிக்கவில்லை. அது என் முதல் பிழை. அதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது முடிவில் விளங்கும். எனக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல் இதைத் தமிழில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கன்னியாஸ்திரிகள் எனக்குக் கற்றுத்தந்த ஆங்கிலம் நீ அலுவலகத்தில் எழுதும் ஆங்கிலத்தைவிடச் சுத்தமானது. ஃபோனைப் பிடித்து மொழிபெயர்க்கலாம் என்றும் நினைக்காதே. என் கையெழுத்து சாய்ந்து, சேர்ந்து ஓடுவது. அந்த யந்திரம் தடுமாறும்.

விஷயம் இதுதான். லிட்கமில், என் வீட்டின் பின்னறையில், உன் அப்பாவின் அலுமாரி இருந்த இடத்தில், என் நாடி முட்டும் உயரத்துக்கு ஒரு பச்சை இரும்புப் பெட்டி நிற்கிறது. செங்கல் சுவரில் ஆள் வைத்து நான்கு துளை போட்டு அதை இறுக்கியிருக்கிறாய். அதற்குள் வரப்போவது ஒரு துவக்கு, ரைபிள். அது என் வீட்டில் இருக்கப்போவது உன் மனைவிக்குத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள், இது என்ன என்று கேட்டாள், நான் பொய் சொன்னேன். எழுபத்தாறு வயதில், நின்ற நிலையில், கண் இமைக்காமல் சொன்னேன். அந்தப் பொய்யை எனக்குக் கொண்டுவந்து தந்தவன் நீ. வாங்கி வைத்தவள் நான். இனி அதை வைத்திருக்க மாட்டேன்.

நீ அதை எப்படிக் கொண்டுவந்தாய் என்று ஞாபகப்படுத்துகிறேன். ஒரு வியாழக்கிழமை பின்னேரம், முன்கூட்டி ஃபோன் எடுக்காமல், கையில் ஒரு பெட்டி பட்டீஸுடன் வந்தாய். வேலை நாளில் நீ என் வீட்டுக்கு வந்து எத்தனை வருடம்! கதிரையில் இருந்து, காலை ஆட்டிக்கொண்டே தொடங்கினாய். வேலையில் உன்னோடு இருக்கும் ஒருவரின் தகப்பனுக்கு மட்ஜி என்ற தூரத்து நாட்டுப்புற ஊருக்கு அப்பால் பண்ணை. காட்டாடும் காட்டுப்பன்றியும் பயிரை நாசம் செய்கின்றனவாம். நீயும் போய்ச் சுடப் போகிறாயாம். பயிற்சி முடித்து லைசன்ஸும் எடுத்துவிட்டாயாம்.

"ஆட்டிறைச்சி லிட்கம் கடையிலயே வெட்டித் தருவினம், தம்பி. அதுக்கு மட்ஜி மட்டும் போகோணுமோ?" என்று கேட்டேன்.

"அம்மா, இது சாப்பாட்டுக்கு இல்லை. ஒரு ஹொபி."

"மதுவுக்கு இது பிடிக்காதே. உன்ர வீட்டு மேசையில வைச்சு அவள் சொன்னதை நானும் கேட்டனான். 'பசங்க இருக்கிற வீட்ல துப்பாக்கி வேண்டாம். வேற என்ன வேணா வாங்கிக்கங்க' எண்டு."

"அவ மனம் மாறிட்டா அம்மா. இப்ப ஓம் எண்டுட்டா. பிரச்சினை சுவர்தான். எங்கட கெல்லிவில் வீட்டில எல்லாம் பிளாஸ்டர்போர்ட். பெட்டியைச் சுவரோட இறுக்கோணும் எண்டு சட்டம். உங்கட வீடு பழைய டபுள் பிரிக். இப்பிடிச் சுவர் இப்ப ஆர் கட்டினம்?"

என் செங்கல்லைப் புகழ்ந்தாய். அதில்தான் நான் விழுந்தேன். உன் அப்பாவும் நானும் இந்த வீட்டை வாங்கியபோது, பழைய வீடு, தண்ணீர்க் குழாயெல்லாம் துரு என்று எல்லோரும் சிரித்தார்கள். கெல்லிவில்லில் உன் வீட்டுச் சுவரில் ஒரு சாமிப் படம் மாட்டுவதற்கே அட்டைக்குப் பின்னால் மரக்கம்பு தேடித் தட்டிப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவன் என் சுவரைத் தேடி வந்தால் எனக்குப் பெருமை வராதா? வந்தது. அடுத்த நாளே உன் அப்பாவின் அலுமாரியை ஒழித்தேன். அவர் போன பிறகு ஆறு வருடமாக அதைத் திறந்து காற்றுப் பிடிக்க விட்டு மூடிக்கொண்டிருந்தவள், ஒரு முற்பகலில் முடித்தேன். சேர்ட்டுகள், கழுத்துப்பட்டிகள், குடியுரிமை எடுத்த நாளில் அவர் போட்ட மண்ணிறக் கோட். நீ அவற்றைக் கறுப்புப் பைகளில் அடைத்து, அலுமாரியோடு சேர்த்துத் தர்மக் கடைக்குக் கொண்டுபோனாய். கோட்டை ஒரு தடவை கூட விரித்துப் பார்க்காமல் அடைத்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

சுவரில் துளை போட வந்தவர் ஒரு நேர்மையான மனிதர். வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டார்: மகனின் வீட்டில் கராஜ் இல்லையா? கராஜின் கொங்கிறீட் தரையில் இறுக்கினால் போதுமே, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், இதை ஏன் இவ்வளவு தூரம் கொண்டுவந்தீர்கள் என்று. நீ அப்போது வெளியே காரில் ஏதோ எடுத்துக்கொண்டு நின்றாய். அவர் கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது. கெல்லிவில் வீட்டில் இரண்டு கார் நிற்கும் கராஜ் இருப்பதும் எனக்குத் தெரியும். அந்த இடத்திலேயே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். நான் அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினேன். நீ எனக்குச் சொன்ன பொய்யைவிட, அந்த இரண்டாவது கோப்பைதான் எனக்கு அதிகம் வெட்கம்.

பிறகு கடைக்குக் கூட்டிப்போனாய். "அம்மா, உங்களுக்குத்தான் இரும்பு தெரியும், வந்து பாருங்கோ" என்றாய். அது முகஸ்துதி என்றாலும் உண்மை. பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்தொரு வருடம் சத்திரசிகிச்சை ஆயுதங்களைக் கழுவி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தட்டில் அடுக்கினவள் நான். யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவள் இங்கே கத்தரிக்கோல் கழுவுகிறாள் என்று சிலர் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். சொல்லட்டும். நான் கழுவிய தட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அந்தக் கடைக்காரப் பெண்மணியை எனக்குப் பிடித்தது. அறுபது வயது இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். முதலில் உன் லைசன்ஸைக் கேட்டாள். என்னிடம் இல்லை என்றதும் எனக்கு ஒரு கதிரை போட்டு, நீங்கள் தொடக்கூடாது, பார்க்கலாம் என்றாள். முறையாகச் சொன்னாள். ரப்பர் விரிப்பில் இரண்டு துவக்கை வைத்தாள். ஒன்று விலை குறைந்தது. சாம்பல் நிற இரும்பு, குழலைத் தாங்கும் கட்டை கறுப்புப் பிளாஸ்டிக். மற்றது ஐரோப்பாவில் செய்தது. அதைப்போல் மூன்று நான்கு மடங்கு விலை. வால்நட் மரக் கட்டை, கருநீலத்தில் மினுங்கும் குழல்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போல்ட் என்பது துவக்கின் பின்பக்கம் கைப்பிடியோடு இருக்கும் இரும்புத் தண்டு. அதைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுக்க வேண்டும். நான் தொடக்கூடாதே, அதனால் உன்னை இழுக்கச் சொன்னேன்.

"மலிஞ்சதை இழு. இன்னொருக்கா. மெதுவா."

"அம்மா, எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். இழு."

மணலில் இழுத்ததுபோல் ஒரு சத்தம். பின்னுக்கு வந்ததும் தண்டு இடமும் வலமும் ஆடியது. மற்றதை இழுத்தாய். சத்தமே இல்லை. விளிம்பு வரை வந்தும் ஆடவில்லை. பிறகு அந்தப் பெண்மணி ஒரு கடதாசித் துண்டை எடுத்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு இழுத்துக் காட்டினாள்; இரண்டும் ஒன்றோடொன்று முட்டக்கூடாதாம். நல்ல துவக்கில் அது தடையில்லாமல் ஓடியது. மலிவானதிலும் ஓடியது, ஆனால் அவள் கட்டையின் முன்பக்கத்தை இரண்டு விரலால் அழுத்தியதும் பிளாஸ்டிக் வளைந்து கடதாசியைப் பிடித்துக்கொண்டது. எங்கள் கன்னியாஸ்திரிப் பள்ளியின் தையல் சிஸ்டர் துணியின் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார், நேராகத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். நானும் இரண்டு துவக்கையும் திருப்பிக் காட்டச் சொன்னேன். ஒன்றின் அடியில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கின் பிசிறு. மற்றதன் அடி முகம்போலவே இருந்தது.

ஆனாலும் அவள் நியாயமாகப் பேசினாள். வருடத்தில் இருபது முப்பது வெடி வைக்கிறவருக்கு இந்த மலிவானதே போதும், குறி தவறாது, இந்தக் காலத்து மலிவுத் துவக்குகள் நேராகத்தான் சுடும், மிச்சக் காசைக் குறிபார்க்கும் நல்ல ஸ்கோப்புக்கும் பயிற்சிக்கும் செலவழியுங்கள் என்றாள். விலை கூடியதை விற்கப் பார்க்காமல் இதைச் சொன்னதால் எனக்கு அவள்மேல் இன்னும் மரியாதை வந்தது. பிறகு உன்னிடம் ஒன்று கேட்டாள். துவக்கை எங்கே வைத்திருப்பீர்கள், உங்கள் வீட்டிலா?

"அம்மாவின் வீட்டில்" என்றாய்.

அப்படியானால் இந்த மரக்கட்டை உங்களுக்குச் சரிவராது என்றாள். நீலக் குழல், ஒவ்வொரு முறையும் கை பட்டதும் துடைக்க வேண்டும், மழையில் நனைந்தால் அன்றைக்கே எண்ணெய் போட வேண்டும், மாதத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் பார்க்க வேண்டும், நீங்கள் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டிய சாமான் இது. இந்தச் சாம்பல் நிறத்தது துருப்பிடிப்பது குறைவு. இதைப் பூட்டி வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

உன் முகத்தை நான் பார்த்தேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு நிம்மதி வந்தது. "இதுதான் சரி" என்று மலிவானதைத் தொட்டாய். துவக்கு வாங்கும் பெர்மிட் வந்ததும் வாங்குவதாகச் சொல்லி வைத்துவிட்டு வந்தோம். போல்ட்டின் ஆட்டத்தைக் கண்டும், கட்டை வளைந்ததைக் கண்டும், ஸ்கோப்பைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்காமல், போட்டுவிட்டு மறக்கலாம் என்ற ஒரு காரணத்துக்காக ஏன் அதைத் தொட்டாய் என்று காரில் வரும்போது யோசித்தேன். விடை கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

மலிவைக் குற்றமென்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு வகைக் கத்தரிக்கோல் உண்டு. ஒருமுறை பாவித்து எறிவது ஒன்று. கழுவி, தீட்டி, திருகு இறுக்கி, திரும்பத் திரும்ப மேசைக்குப் போவது மற்றது. இரண்டுக்கும் வேலை உண்டு. எறிகிற கத்தரிக்கோலுக்கு ஒரே ஒரு வசதி: அதற்கு யாரும் பொறுப்பில்லை. யார் கழுவினார், யார் பார்த்தார் என்ற கையொப்பம் அதற்குக் கிடையாது. நீ அன்றைக்குத் தேடியது மலிவை இல்லை, அந்த வசதியை. ஒரு நல்ல துவக்கு உன்னை மாதம் ஒருமுறை இங்கே வரவைக்கும். வந்தால், எங்கே போனாய் என்று மது கேட்பாள்.

ஞாயிறு காலை அவள் தனியாக வந்தாள். வழக்கம்போல் ஒரு டப்பா தோசை மா. "புளிச்சிருக்கு அத்தை, இன்னைக்கே ஊத்திடுங்க" என்று குசினியில் வைத்துவிட்டு, மழை பிடிக்கிறது, மாமாவின் குடையை எடுத்துக்கொள்கிறேன் என்று பின்னறைக்குப் போனாள். அந்தக் குடை எப்போதும் அலுமாரிக்குள்தான் தொங்கும் என்று அவளுக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா?

"அத்தை, மாமாவோட அலமாரி எங்க?"

"குடுத்திட்டன் பிள்ளை. எவ்வளவு காலத்துக்கு வைச்சிருக்கிறது?"

"ஐயோ. சொல்லியிருந்தா நானும் வந்து எடுத்து வச்சிருப்பேனே. அந்த பிரவுன் கோட்?"

அவள் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

"இது என்ன அத்தை, இவ்ளோ உயரமா?"

"நகைப் பெட்டி."

"அவ்ளோ நகையா? பதினஞ்சு வருஷமா எனக்குக் காட்டவே இல்லையே!" என்று சிரித்தாள். "யார் மாட்டிக் குடுத்தது?"

"அவன்தான் செய்விச்சவன்."

"அவரா? நம்ம வீட்ல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா ஆறு மாசம் ஆகும்." மறுபடி சிரித்தாள். பிறகு பெட்டியின் மேல் இருந்த செங்கல் தூசியை விரலால் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. போகும்போது வாசலில் திரும்பி, "சாவியைப் பத்திரமா வச்சுக்கங்க அத்தை" என்றாள். "ஓம்" என்றேன். சாவி என்னிடம் இல்லை. சட்டப்படி லைசன்ஸ் உள்ளவனிடம்தான் இருக்க வேண்டும் என்று நீ கொண்டுபோய்விட்டாய். என் வீட்டில், நானே திறக்க முடியாத ஒரு பெட்டியைப் பற்றி, ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு பொய். குடை இல்லாமல், மழையில் நனைந்துகொண்டு காருக்கு ஓடினாள்.

உடனே உனக்கு ஃபோன் எடுத்தேன். "மது ஓம் எண்டு சொன்னவளோ, இல்லையோ? ஒரு சொல்லில சொல்லு" என்றேன்.

"அம்மா, ரிலாக்ஸ். மெல்ல மெல்லச் சொல்லுவம். அவ இப்ப விளங்கிக்கொள்ள மாட்டா."

"அப்ப சொல்லேல்லை."

"நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ, அது போதும். உங்கட வீட்டுக்கு ஆர் வருகினம்? ஆரும் பாக்கப்போறேல்லை."

உங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள். நீ சொன்ன இந்தச் சொல்லை எழுத்தில் வைக்கிறேன், நீ உன் காதால் கேட்க வேண்டும் என்பதற்காக. என் செங்கல் சுவருக்காக நீ வரவில்லை. யாரும் வராத வீடு என்பதற்காக வந்தாய். மறந்துவிடக்கூடிய துவக்கை, மறந்துவிடக்கூடிய இடத்தில் வைக்க வந்தாய். அந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் சொல்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை உன் மனைவி வருகிறாள்.

அம்மாவிடம் கொண்டுபோய் ஒளித்து வைக்கலாம் என்று உனக்குப் பழக்கியவளும் நான்தான், அதையும் மறைக்க மாட்டேன். உனக்குப் பத்தொன்பது வயதில் மோட்டார் சைக்கிள் வேண்டுமென்று நின்றாய். அப்பா கூடாது என்றார். நான் அவருக்குத் தெரியாமல் என் சம்பளத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கித் தந்து, ஹோம்புஷில் என் சிநேகிதியின் கராஜில் நிறுத்த ஒழுங்கு செய்தேன். நல்லதை வாங்கினால் வீட்டில் தெரிந்துவிடும் என்று மலிவானதாகப் பார்த்து வாங்கினேன். நான்காம் மாதம் பரமட்டா வீதியில் பிரேக் பிடிக்கவில்லை. உன் முழங்காலில் இருக்கும் தழும்பு அதுதான். ஆஸ்பத்திரியில் அப்பா என்னைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார். "உமக்கு இது எப்ப தெரியும்?" நான் சொன்னேன், "இண்டைக்குத்தான்." அவர் நம்பவில்லை. சண்டை பிடிக்கவும் இல்லை. மூன்று கிழமை என் கையால் தேத்தண்ணி வாங்கவில்லை. தானே கேத்திலை வைத்து, தானே ஊற்றிக் குடித்தார். கோப்பையையும் தானே கழுவி வைத்தார். அவர் கண்ணை மூடும்வரை அந்த உண்மையை நான் சொல்லவில்லை. சொல்ல எத்தனையோ பின்னேரங்கள் இருந்தன. மலிவானதை வாங்கி ஒளிக்கும் வித்தையை நீ கடையில் கற்கவில்லை, என்னிடம் கற்றாய். அதனால்தான் இதை முடித்துவைப்பதும் என் வேலை.

துவக்கைக் கண்டு பயந்துபோன சனம், ஊரில் யுத்தம் நடந்த நாள் ஞாபகத்தில் அம்மா பதறுகிறா என்று நீ மதுவிடமும் சிநேகிதர்களிடமும் சொல்லக்கூடும். அந்த வாசலைச் சாத்திவிடுகிறேன். துவக்குகளை உன் வயதில் பாதியாக இருந்தவர்களின் கையிலும், சீருடைக்காரர் கையிலும் கிட்ட நின்று பார்த்தவள் நான். பயத்தில் எழுதவில்லை. பன்றி சுடுகிறவர்கள் மீதும் எனக்குக் கோபமில்லை. பண்ணைக்காரருக்கு அது தேவை. சட்டமும் அனுமதிக்கிறது. நான் எதிர்ப்பது ஒன்றை மட்டும்தான்: என் மகன் தன் வீட்டில் வாயைத் திறந்து சொல்லப் பயந்த ஒன்றைத் தாயின் வீட்டில் பூட்டி வைப்பது.

மதுவைப் பற்றியும் ஒன்று. நீ அவளைக் கட்டப் போகிறேன் என்றபோது, இந்தியாக்காரி, பேச்சு வேறு, பழக்கம் வேறு என்று ஒரு மாதம் உன்னோடு மல்லுக்கட்டினேன். அவள் என்னை மாமி என்று கூப்பிடாமல் அத்தை என்றதைக்கூடக் குற்றமாக எடுத்தேன். அவள் என் சமையலில் உறைப்புக் கூட என்று சொன்னதை ஒரு வருடம் மறக்கவில்லை. இப்போதும் அவள் சாம்பார் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்தப் பதினைந்து வருடத்தில் அவள் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. எனக்குப் பிடிக்காததை என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள், மா டப்பாவை வைத்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள். நான் அவளுக்கு ஒரே நாளில் இரண்டு சொல்லிவிட்டேன்.

இனி நடக்கப்போவது. நீ வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவாய், துவக்கை இங்கே வைக்க வீட்டுச் சொந்தக்காரியின் சம்மதம் என்று நீ எழுதிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போன கடதாசியில் என் கையொப்பத்தை வாங்க. நான் கையொப்பமிடவில்லை. மதுவின் டப்பாவை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் பழக்கம் நமக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் அதில் பயத்தம் பணியாரமோ சீனி அரியதரமோ வைத்து அனுப்புவேன். இந்த முறை இனிப்பு இல்லை. கையொப்பமில்லாத அந்தக் கடதாசியும் இந்தக் கடிதமும் அதற்குள் இருக்கும். உறையை ஒட்டவில்லை. முதல் வரியை மட்டும் இன்னொரு தாளில் எழுதி மூடியின் மேல் ஒட்டியிருக்கிறேன், காரில் உன் கண்ணில் படும்படி. திங்கட்கிழமை துளை போட்டவரே வந்து பெட்டியைக் கழற்றுவார், நான்கு துளையையும் பூசி அடைப்பார். பெட்டியை எங்கே கொண்டுபோவது என்று நீ சொல்லாவிட்டால் அது வாசலில் நிற்கும். எல்லோரும் பார்ப்பார்கள்.

மது ஓம் என்று சொன்னால், கராஜின் கொங்கிறீட்டில் முறையாக இறுக்கி, மரக்கட்டை போட்ட அந்த நல்லதை வாங்கு. ஒவ்வொரு முறையும் துடை. அவள் பார்க்கத் துடை. அவள் வேண்டாம் என்று சொன்னால் இரண்டும் வேண்டாம். அவள் எதைச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை, அது என் வீடு இல்லை.

இந்தக் கடிதத்தை உன்னால் வாசிக்க முடியாது என்று தொடக்கத்தில் சொன்னேன். கலியாண அழைப்பிதழ், கோயில் கடதாசி, நான் அனுப்பும் வாழ்த்து எதுவாக இருந்தாலும், "எங்க, இதை வாசி" என்று நீ அவளிடம்தான் நீட்டுவாய். உன் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆகையால் இதுவரை உனக்குக் கேட்டதெல்லாம் அவள் குரலில்தான் கேட்டிருக்கும். லிட்கமிலிருந்து கெல்லிவில் வரை நாற்பது நிமிடம். பக்கத்து சீற்றில் அந்த டப்பா, மூடியில் நீ எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடிய மூன்று சொல். அந்த நாற்பது நிமிடம் இப்போது முடிந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் நீயே சொல்லியிருந்தால், இது ஒரு கிழவியின் ஏச்சு மட்டும்தான். சொல்லாமல் டப்பாவை அவள் கையில் கொடுத்திருந்தால், இது வேறு. எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியவள் நான் இல்லை.

மது, பெட்டியில் நகை இல்லை. சாவியும் என்னிடம் இல்லை. இரண்டு பொய்க்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இந்தச் சொல்லை என் வாழ்நாளில் நான் அதிகம் பாவித்ததில்லை, உன் மாமாவுக்கும் சொல்லவில்லை. குடை குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, அதைக் கொடுக்கவில்லை. அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்.

வாசித்தது போதும், பிள்ளை. தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்.

அம்மா